ஒரு விரல் கடல் பக்கம்

“கேட்காதீங்க, பாருங்க.”

டாக்டர் ஒரு நாளைக்குப் பத்துத் தடவையாவது இதைச் சொல்வார். சொல்லிவிட்டு மூக்குக் கண்ணாடியை ஒரு விரலால் மேலே ஏற்றிக்கொள்வார். மனிதர்கள் பொய் சொல்வார்கள், மறந்துபோவார்கள், கேட்கிறவனைத் திருப்திப்படுத்தப் பார்ப்பார்கள். ஆகையால் யாரிடமும் எதையும் கேட்காமல், பார்த்து மட்டுமே தெரிந்துகொள்ள வேண்டும் என்பது அவர் கட்சி. இதில் பாதி உண்மை. அந்தப் பாதியை வைத்துக்கொண்டுதான் வெளிநாடு போய்ப் படித்துப் பட்டமும் வாங்கி வந்திருந்தார்.

ஏழெட்டு வருஷம் ஆகிறது. தூத்துக்குடியில் புதுத் துறைமுகத்துக்குக் கல் கொட்டிக்கொண்டிருந்த காலம். கடற்கரைச் சாலையில் சங்கு அடைத்துவைக்கும் பழைய கிட்டங்கி ஒன்று காலியாகக் கிடந்தது. அதை வாடகைக்கு எடுத்துக்கொண்டு உட்கார்ந்தார். கைக்குழந்தைகள் எந்த வயதில் மனித முகத்தை மற்றப் பொருள்களைவிட அதிகமாகக் கவனிக்கத் தொடங்குகின்றன என்று அளப்பது அவர் வேலை. மனோதத்துவ டாக்டர். ஊருக்கு டாக்டர் என்றால் ஊசி போடுகிறவர். பக்கத்து மீனவர் குடியிருப்பான திரேஸ்புரத்துப் பெண்கள் சளி பிடித்த பிள்ளைகளைத் தூக்கிக்கொண்டு வந்து நின்றார்கள். நான் மருத்துவன் இல்லை என்று அவர் ஒரு நாளும் சொன்னதில்லை. அவர்கள் கேட்கவில்லை, அவர் சொல்லவில்லை.

அவர் சட்டைப் பையில் நான்கு பேனா இருக்கும். நான்கிலும் மை இருக்காது. என் மேஜையிலிருந்து எடுத்து எழுதுவார். கேட்டு அல்ல, எடுத்து.

ஒரு முறை ஆழ்வார்திருநகரிக் கோயிலைப் பார்க்கக் கிளம்பினார். பஸ் நிலையத்தில் பெயர்ப் பலகை இல்லாத வண்டி ஒன்று நின்றிருக்கிறது. உள்ளே மூன்று பேர் நெற்றியில் நாமத்தோடு உட்கார்ந்திருக்கிறார்கள். மூன்று நாமம், ஒரு வண்டி, ஆகவே ஆழ்வார்திருநகரி என்று ஏறிவிட்டார். கண்டக்டரிடம் “கடைசி ஸ்டாப்” என்று மட்டும் சொல்லிச் சீட்டு வாங்கினார். நாமக்காரர்கள் ஆழ்வார்திருநகரியில் கல்யாணம் சாப்பிட்டுவிட்டு ஊர் திரும்புகிறவர்கள். வண்டி நேர் எதிர்த் திசையில் விளாத்திகுளத்துக்குப் போய் நின்றது. சாயங்காலம் செம்மண் தூசியோடு கிட்டங்கிக்கு வந்து சேர்ந்தவர், “மூன்று பேர் போதாது, குறைந்தது ஏழு பேரைப் பார்த்திருக்க வேண்டும்” என்றார். கண்டக்டரைக் கேட்டிருக்கலாம் என்று அவருக்குத் தோன்றவே இல்லை.

இவரிடம் நான் எப்படிப் போய்ச் சேர்ந்தேன் என்பதையும் சொல்லிவிட வேண்டும். நான் பள்ளியில் விஞ்ஞான ஆசிரியை. சொந்த ஊர் நாசரேத். கல்யாணமாகிப் பதினான்கு வருஷம் குழந்தை இல்லை. முப்பத்தொன்பதாவது வயதில் வயிற்றில் ஒன்று தங்கியது. அந்த நேரத்தில்தான் எங்கள் தலைமையாசிரியை, ஆங்கிலம் சுத்தமாக எழுதவும் படம் வரையவும் தெரிந்தவர் என்று என்னை அவரிடம் அனுப்பினார். சனிக்கிழமைதோறும் போனேன். கரும்பலகையில் தவளையின் இருதயத்தை வரைந்தே காலம் கழித்த எனக்கு, உண்மையான ஆராய்ச்சி ஒன்றில் கை வைப்பது பெரிய காரியமாகப் பட்டது. கர்வமாக இருந்தது என்றே சொல்லலாம். அந்த மனிதரை இன்று இவ்வளவு இளக்காரமாக எழுதுகிற நான், அன்று அவர் சொன்ன ஒவ்வொன்றுக்கும் தலையாட்டினேன்.

வெளிநாட்டில் கண்ணின் அசைவைத் தானே படம் பிடிக்கும் எந்திரம் இருக்கிறதாம். அது அவருக்குக் கிடைக்கவில்லை. அதனால் என்ன, ஒரு பெட்டி போதும் என்றார். குழந்தை மல்லாந்து படுக்கிற அளவுக்கு ஒரு மரப்பெட்டி. அதன் மூடியில் பக்கத்துக்கு ஒன்றாக இரண்டு படங்களைச் செருக இரண்டு காடி. இரண்டுக்கும் நடுவில் ஒரு துளை. ஒரு படம் முகம். மற்றது அதே கண், மூக்கு, வாய், புருவம் எல்லாம் இடம் மாறிக் கலைந்த முகம். இரண்டையும் நான்தான் வரைந்தேன். பெட்டிக்குள் விளக்கு எரியும்போது படங்களின் நிழல் குழந்தையின் கண் கறுப்பில் விழும். எந்தப் பக்கத்து நிழல் கறுப்பின் நடுவில் விழுகிறதோ அந்தப் பக்கத்தைக் குழந்தை பார்க்கிறது என்று அர்த்தம். அவர் துளையில் கண்ணை வைத்துக்கொண்டு, இடது பக்கம் பார்த்தால் இடது கையில் உள்ள நிறுத்துக் கடிகாரத்தையும், வலது பக்கம் பார்த்தால் வலது கையில் உள்ளதையும் அமுக்குவார். யோசனை நல்ல யோசனைதான். அதை இப்போதும் மறுக்கமாட்டேன்.

பெட்டியைச் செய்தது தோணி கட்டுகிற ஓடாவி ஒருவர். சங்குபோல் வழவழப்பாக இழைத்துக் கொண்டுவந்து இறக்கினார். பெட்டியைச் சுற்றி ஒரு நடை நடந்துவிட்டுக் கேட்டார்:

“அய்யா, இதுக்கு அணியம் எது, பின்தலை எது?”

அணியம் என்றால் தோணியின் முன்பக்கம். டாக்டர் நிமிரவே இல்லை.

“இது படகு இல்லை” என்றார்.

“இல்லதான். ஆனாலும் முன்னுன்னு ஒண்ணு வேணும்லா? அணியம் எதுன்னு சொல்லிட்டா இடதும் வலதும் தன்னால வந்துரும். ஒரு சின்னச் சிலுவை கீறி வச்சிருதேன்.”

“மரத்தில் ஒன்றும் கீறாதே.”

ஓடாவி என்னைப் பார்த்தார். நான் சிரித்தேன். படித்தவர்கள் சிரிக்கிற அந்தச் சின்னச் சிரிப்பு. அவர் உளியைத் துண்டில் சுற்றிக்கொண்டு போய்விட்டார்.

படங்களை மாற்றிச் செருக ஆயா ஒருத்தி இருந்தாள். மிக்கேலம்மா. திரேஸ்புரத்துக்காரி. கணவன் கொழும்புக்குப் போகும் தோணியில் வேலை பார்த்தான். என் கலைந்த முகத்தை முதலில் பார்த்ததும், “என்ன டீச்சரம்மா, இவன் தோணில முட்டிக்கிட்டானா?” என்று கேட்டவள். பிள்ளைகள் அவள் கையில் அழாது. அதற்காகத்தான் டாக்டர் அவளை வைத்திருந்தார், ஆனால் அவளோடு பேசமாட்டார். அவளிடம் சொல்ல வேண்டியதை என்னிடம் சொல்வார், அவள் ஒரு முழம் தள்ளி நிற்கும்போதே.

முகம் எப்போதும் ஒரே பக்கம் இருக்கக் கூடாது. எந்தத் தடவை எந்தப் பக்கம் என்று ஒரு தாளில் எழுதி என்னிடம் கொடுத்திருந்தார். பேச்சுச் சத்தம் கேட்டால் குழந்தை திரும்பிவிடும் என்பதால் நான் விரல் காட்ட வேண்டும். ஒரு விரல் என்றால் முகம் இடது காடியில். இரண்டு விரல் என்றால் வலது காடியில். துளையில் கண் வைத்திருக்கிற அவருக்கு முகம் எந்தப் பக்கம் என்று தெரியாது. தெரிந்தால் கை தானாக ஏமாற்றிவிடும் என்பார். இதை நான் மிக்கேலம்மாவுக்கு விளக்கினேன்.

அவள் சேலை முனையை இடுப்பில் செருகிக்கொண்டு, “யாருக்கு எடது டீச்சரம்மா? ஒங்களுக்கா, எனக்கா, உள்ள கெடக்க புள்ளைக்கா?” என்றாள்.

அந்தக் கிட்டங்கியில் அத்தனை மாதங்களில் கேட்கப்பட்ட ஒரே புத்திசாலித்தனமான கேள்வி அதுதான். நான் அவரைப் பார்த்தேன். வடக்கு ஜன்னலின் கீழே முக்காலியில் உட்கார்ந்திருந்தவர் சலிப்போடு இடது கையை நீட்டி, “அந்தப் பக்கம்” என்றார்.

அந்தப் பக்கம் கடல்.

“கடப்பக்கம்னு சொல்ல வேண்டியதான. இதுக்குப் போயி எடது, வலதுன்னுக்கிட்டு” என்றாள் மிக்கேலம்மா. “ஒரு வெரல்னா கடப்பக்கம். ரெண்டு வெரல்னா கரப்பக்கம். சரியா டீச்சரம்மா?”

சரி என்றேன். அவருக்கும் அது காதில் விழுந்தது. சரி என்றோ இல்லை என்றோ அவர் சொல்லவில்லை.

பிள்ளைகள் வந்தார்கள். டாக்டரிடம் காட்டப் போகிறோம் என்று தாய்மார்கள் பிள்ளைகளைக் குளிப்பாட்டி, வயிறு நிறையப் பால் கொடுத்து, கண் நிறைய மை தீட்டிக் கொண்டுவருவார்கள். வயிறு நிறைந்த பிள்ளை பெட்டியில் போட்டதும் தூங்கிவிடும். தூங்காத பிள்ளையின் கண்ணில் மையின் எண்ணெய் மினுங்கும், நிழல் தெரியாது. டாக்டர் ஒரு வாரம் முழுக்கப் பல்லைக் கடித்துக்கொண்டு இருந்தார். இரண்டாம் வாரம் மிக்கேலம்மா தானாகவே வாசலில் போய் நின்றுகொண்டாள். “ஏளா, புள்ள பால் குடிச்சு ஒரு மணி நேரம் ஆச்சா? ஆகலன்னா அங்கன உக்காரு. மை எதுக்குளா? கன்னத்துல மட்டும் ஒரு பொட்டு வையி, கண்ணேறு அங்கனயே நின்னுரும்.” அன்றிலிருந்து வேலை நடந்தது. டாக்டர் தன் குறிப்பேட்டில், பகல் வெளிச்சம் மாறியதால் பிழை குறைந்தது என்று எழுதச் சொன்னார். எழுதினேன்.

மீன் கதையும் உண்டு. நல்ல மீனின் கண் தெளிவாக இருக்கும் என்று எங்கோ படித்திருக்கிறார். திரேஸ்புரக் கரையில் கூடை கூடையாகக் குனிந்து, விலை கேட்காமல், பெயர் கேட்காமல், ஒவ்வொரு மீனின் கண்ணையும் உற்றுப் பார்த்துக்கொண்டே போவாராம்.

“ஏ அண்ணாச்சி, மீனுக்குக் கண்ணாடி மாட்டி விடப் போறீயளோ?” என்று ஒருத்தி கேட்க, கரையே சிரித்திருக்கிறது. அவர் காதில் வாங்கவில்லை. கடைசியில் வலையிலிருந்து உதறி எறிந்த மீன் குவியலில் ஒன்றைக் கண்டெடுத்தார். கண் பளிங்குபோல் தெளிவு. வாழையிலையில் சுற்றிக் கிட்டங்கிக்குக் கொண்டுவந்து, மத்தியானம் சமைக்க என்று ஸ்டவ் மேல் வைத்திருந்தார். மிக்கேலம்மா இலையைப் பிரித்துப் பார்த்துவிட்டு, அப்படியே ஜன்னல் வழியாக வீசினாள்.

“பேத்தை மீனு டீச்சரம்மா! தின்னா நாக்கு மரத்துப் போயி, பெறவு மூச்சும் நின்னுரும். நாய்கூட மோந்து பாக்காது. கண்ணு தெளிஞ்சிருந்தாப் போதுமா?”

நான் சிரிப்பை அடக்கிக்கொண்டு அவரிடம் விஷயத்தைச் சொன்னேன். அவர் காலியான இலையை ஒரு நிமிஷம் பார்த்தார். பிறகு ரொட்டி வாங்கிவரச் சொல்லி என்னிடம் சொன்னார். மிக்கேலம்மாவுக்கு ஒரு வார்த்தை இல்லை. குழந்தைகளிடம் அவருக்குப் பிடித்ததே அவை வாய் திறந்து ஒன்றும் சொல்லாது என்பதுதான் என்று எனக்கு அன்று தோன்றியது. தோன்றியும் மறு சனிக்கிழமை போனேன்.

ஆடியில் எனக்குப் பெண் பிறந்தாள். எஸ்தர். பேறுகால விடுப்பில் வீட்டில் இருந்துவிட்டு, ஐப்பசியில் மறுபடி சனிக்கிழமைகளில் கிட்டங்கிக்குப் போகத் தொடங்கினேன். பிள்ளையையும் தூக்கிக்கொண்டுதான் போவேன். அவளுக்கு நான்கு மாதம் நிறைந்ததும் பெட்டியில் வைத்துப் பார்க்கலாம் என்றார் டாக்டர். அந்த நாளுக்காக நான் காத்திருந்தேன். வகுப்பில் முதல் மார்க் வாங்கப்போகிற பிள்ளையின் தாய் மாதிரி.

கார்த்திகையில் மழை பிடித்தது. வாடைக்காற்றோடு சாரல் வடக்கு ஜன்னல் வழியாக அவர் முதுகில் அடித்தது. முக்காலியைத் தூக்கித் தெற்குச் சுவர்ப் பக்கம் போட்டுக்கொண்டார். அவருக்கு வசதியாகப் பெட்டியையும் அரைவட்டம் திருப்பி வைத்தோம். நானும் மிக்கேலம்மாவும்தான் தூக்கித் திருப்பினோம். மழைக்குப் பிள்ளைகள் வரத்து குறைந்தது. அந்தச் சனிக்கிழமைகளில் வந்தது மொத்தம் நான்கே பேர். திரேஸ்புரத்துப் பிள்ளைகள் மூன்று, பிறகு என் மகள்.

மூன்று பிள்ளைகளும் முகத்தை விட்டுவிட்டுக் கலைந்த முகத்தையே பார்த்தன. அதாவது, தாளில் அப்படி வந்தது. அதற்கு முன்பு வந்த பிள்ளைகளில் ஒன்றுகூட அப்படிச் செய்ததில்லை. டாக்டர் அசரவில்லை. மழை ஒழுகுகிற குடிசை, தாய் மீன் கூடையோடு போய்விடுவாள், பிள்ளை முகத்தைப் பார்க்க எங்கே பழகும், இது எதிர்பார்க்க வேண்டியதுதான் என்றார். தாயின் இடுப்பைவிட்டு இறங்காத பிள்ளைகள் அவை. ஒவ்வொரு சனியும் வாசலில் நான் பார்த்தவை. அந்தத் தாய்மார்கள் பிள்ளையோடு பேசுகிற பேச்சு தெரு முனைவரை கேட்கும். தெரிந்தும் தலையாட்டினேன். நல்ல ஆங்கிலத்தில் எழுதியும் கொடுத்தேன். அந்த வாக்கியத்தில் ஒரு காற்புள்ளிகூடத் தவறில்லை.

அடுத்த சனி எஸ்தரைப் பெட்டியில் வைத்தோம். மிக்கேலம்மா அவள் காலை ஒரு தட்டுத் தட்டி, “ஏளா ராசாத்தி, அழப்பிடாது” என்றாள். நான் மேஜையில் தாளோடு உட்கார்ந்து விரல் காட்டினேன். ஒரு விரல். இரண்டு விரல். இரண்டு விரல். ஒரு விரல். பெட்டிக்குள் அவள் ஏதோ மழலை பேசிக்கொண்டிருந்தாள். முடிந்ததும் டாக்டர் சொன்ன அளவுகளை நானே எழுதினேன். எட்டுத் தடவையும் கலைந்த முகம்.

அவர் கடிகாரங்களைக் கைக்குட்டையால் துடைத்துக்கொண்டிருந்தார்.

“உங்க வீட்டைக் காரணம் சொல்ல முடியாது” என்றார். “படித்த குடும்பம். அப்படியானால் இது பிறவியில் வந்தது. அவளுக்கு முகம் என்பது ஒரு பொருள். நாற்காலி மாதிரி.”

“சரியாகுமா?”

“கேட்காதீங்க, பாருங்க” என்றார். உபரியாக இருந்த பழைய நிறுத்துக் கடிகாரம் ஒன்றை என் கையில் வைத்தார். “வீட்டிலேயே அளந்து பாருங்க. நீங்க குனியும்போது எத்தனை விநாடி பார்க்கிறாள் என்று.”

அன்றோடு நான் கிட்டங்கிக்குப் போவதை நிறுத்தினேன். அளப்பதை நிறுத்தவில்லை.

பால் கொடுக்கும்போது, உடுப்பு மாற்றும்போது, தொட்டிலில் போடும்போது, கடிகாரத்தை உள்ளங்கையில் வைத்துக்கொண்டு குனிவேன். சிரிக்கமாட்டேன், சிரித்தால் அளவு கெட்டுவிடும். பேசமாட்டேன். ஒரு முகம் வந்து, ஒன்றும் சொல்லாமல், உற்றுப் பார்த்துவிட்டு, ‘டிக்’ என்று ஒரு சத்தம் போட்டுவிட்டுப் போனால் எந்தப் பிள்ளைதான் பார்க்கும்? முதலில் எட்டு விநாடி பார்த்தாள். பிறகு ஐந்து. பிறகு நான் குனிந்தாலே தலையைத் திருப்பிக்கொண்டாள். டாக்டர் சொன்னது சரியாகப் போயிற்று என்று நோட்டில் எழுதினேன்.

என் கணவர் கப்பல் ஏஜென்ட் ஆபீசில் குமாஸ்தா. சாயங்காலம் வந்ததும் பிள்ளையைத் தூக்கித் தோளில் போட்டுக்கொள்வார்.

“என் மூஞ்சியப் பாத்துச் சிரிக்காள்லா. மூக்கப் பிடிச்சு இழுக்கா. பெறவு என்னத்துக்கு நீ இப்படிக் கெடந்து சாகுத?”

“சிரிப்பு வேறே, கவனம் வேறே” என்றேன்.

“அந்த ஆளு உனக்குப் படிச்சுக் குடுத்தானாக்கும்.”

“உங்களுக்குத் தெரியாது.”

“தெரியாதுதான். எனக்கு எம்மவளத் தெரியும்” என்றார். அவர் அதிகம் பேசுகிறவரல்ல. அதற்குப் பிறகு நான் கடிகாரத்தை எடுத்தால் எழுந்து வெளியே போய்விடுவார்.

இப்படி ஒன்றரை வருஷம் போயிற்று. பாளையங்கோட்டைக்கும் மதுரைக்கும் அவளைத் தூக்கிக்கொண்டு அலைந்தேன். பிள்ளைக்கு ஒன்றுமில்லை என்று சொன்ன வைத்தியர்களை நான் நம்பவில்லை. அவர்கள் யாரும் அளக்கவில்லையே.

ஒரு நாள் காலை மீன் வாங்கத் திரேஸ்புரத்துக்குப் போயிருந்தேன். எஸ்தர் இடுப்பில் இருந்தாள். மீன் விற்கிற வரிசையில் மிக்கேலம்மா உட்கார்ந்திருந்தாள். டாக்டர் பெட்டி படுக்கையோடு எப்போதோ சென்னைக்குப் போய்விட்டார், கிட்டங்கியில் மறுபடி சங்கு வந்துவிட்டது என்றாள்.

“இது நம்ம பெட்டிக்குள்ள கெடந்த ராசாத்தியா? ஆத்தாடி, வளந்துட்டாளே! டீச்சரம்மா, பாக்க பார்வையப் பாருங்க. மூஞ்சியத் தின்னுருவா போல.”

எஸ்தர் அவளைத்தான் பார்த்துக்கொண்டிருந்தாள். கண் இமைக்காமல், வாய் லேசாகத் திறந்து, அவள் முகத்தை, மூக்குத்தியை, வெற்றிலைச் சிவப்பேறிய உதட்டை. பக்கத்துக்காரி சிரித்ததும் அவள் முகத்துக்குத் தாவினாள். பிறகு மறுபடி மிக்கேலம்மாவிடம்.

என் வாய் தானாகச் சொல்லிற்று. “இவளுக்கு முகம் பார்க்க வராது மிக்கேலம்மா.”

“எந்தக் கூறுகெட்ட சிறுக்கி சொன்னா?”

“பெட்டியில் வைத்தோமே. எட்டுத் தடவையும் கலைந்த முகத்தைத்தானே பார்த்தாள்.”

“இல்லயே” என்றாள். நெத்திலியைக் குவித்துக்கொண்டிருந்த கை நின்றது. “நல்ல மூஞ்சியத்தான் பாத்தா. நாந்தான சொருகுனேன், எனக்குத் தெரியாதா? இடுக்கு வழியா அவ கண்ணு போற பக்கம் பாத்துக்கிட்டுதான இருந்தேன். நீங்க ஒரு வெரலு காட்டுனீய, கடப்பக்கம் சொருகுனேன். இவ கடப்பக்கம் பாத்தா. ரெண்டு வெரலு காட்டுனீய, கரப்பக்கம் சொருகுனேன். கரப்பக்கம் பாத்தா. நல்ல புள்ளன்னு நெனச்சேன்.”

“மழைக்குப் பெட்டியைத் திருப்பினோமே மிக்கேலம்மா. அவரும் இந்தப் பக்கம் வந்து உட்கார்ந்துவிட்டார். அவருடைய இடது, கரைப் பக்கம் ஆகிவிட்டதே.”

அவள் என்னை ஏறிட்டுப் பார்த்தாள். கேலி இல்லை, நிஜமான ஆச்சரியம்தான்.

“பெட்டியத் திருப்புனா கடலுமா திரும்பும், டீச்சரம்மா?”

தாளில் முகம் இடது என்று இருந்தபோதெல்லாம் முகம் வலதில் இருந்திருக்கிறது. என் மகள் எட்டுத் தடவையும் முகத்தைப் பார்த்திருக்கிறாள். நான் எட்டுத் தடவையும் அதைத் தப்பாக எழுதியிருக்கிறேன். விரல் காட்டியது நான். பெட்டியைத் தூக்கித் திருப்பியது நான். ஒரு விரல் என்றால் கடல் பக்கம் என்று அவள் சொன்னபோது சரி என்றதும் நான். ஓடாவி சிலுவை கீற வந்தபோது சிரித்ததும் நான்தான்.

மிக்கேலம்மா இன்னொன்றும் சொன்னாள். “நீங்க நின்ன பெறவு ஒருநா, அவிய எந்திரிச்சு வந்து நான் படம் சொருகுததையே உத்துப் பாத்துக்கிட்டு நின்னாவ. ஒண்ணுஞ் சொல்லல. மக்யா நாளு பெட்டியத் தூக்கிப் பழையபடி திருப்பி வச்சிட்டாவ. மழையும் விட்டுருச்சுலா, அதான்னு நெனச்சேன்.”

வீட்டுக்கு வந்து அவருக்குக் கடிதம் எழுதினேன். நடந்ததையெல்லாம் எழுதி, உங்களுக்கு இது தெரியுமா என்று ஒரே ஒரு கேள்வி கேட்டேன். மூன்று வாரம் கழித்துப் பதில் வந்தது. ஆங்கிலத்தில், டைப் அடித்து, நான்கு வரி. பெட்டி திரும்பியிருந்ததை அவர் அப்போதே கவனித்துவிட்டாராம். அந்த நான்கு குழந்தைகளின் அளவுகளையும் உடனே நீக்கிவிட்டாராம். ஆராய்ச்சியின் முடிவுக்கு எந்தப் பாதிப்பும் இல்லையாம். ஆகவே நான் கவலைப்பட வேண்டியதில்லையாம்.

எங்கள் வீடு கிட்டங்கியிலிருந்து அரை மைல். நடந்தால் பத்து நிமிஷம். நீக்கிய அன்றைக்கே அந்தப் பத்து நிமிஷத்தை நடந்து வந்து சொல்லியிருக்கலாம். நான் கேட்கவில்லை, ஆகவே அவர் சொல்லவில்லை. கேட்காத மனிதனுக்குச் சொல்லவும் தெரியாது என்பது எனக்கு அந்த நான்கு வரியில்தான் விளங்கியது.

திரேஸ்புரத்துப் பிள்ளைகள் மூன்று பேரும் தப்பித்தார்கள். அவர்களுடைய தாய்மார்களிடம் யாரும் எதுவும் சொல்லவில்லை. அந்த ஒன்றரை வருஷமும் அவர்கள் பிள்ளைகளைக் கொஞ்சிக்கொண்டும் திட்டிக்கொண்டும் இருந்தார்கள். ஆராய்ச்சியை நம்பி என் பிள்ளையைக் கொஞ்சாமல் விட்டது அங்கே படித்தவளாக இருந்த நான் ஒருத்திதான்.

அந்தக் கடிகாரம் பழுதில்லாமல் ஓடுகிறது. பள்ளிக்குக் கொடுத்துவிட்டேன். விளையாட்டு விழாவில் நூறு கஜ ஓட்டத்துக்கு உதவுகிறது.

எஸ்தருக்கு ஏழு வயது ஆகிறது. வாயாடி. தெருவில் போகிறவர்கள் முகத்தைப் பார்த்தே யாருக்கு யாரோடு சண்டை என்று அப்பாவிடம் வந்து சொல்வாள். அவள் வகுப்பு டீச்சர், இந்தப் பிள்ளைக்கு ஆள் முகம் மறக்கவே மறக்காது என்கிறாள். ஒரு குறையும் இல்லை. ஒன்று மட்டும் உண்டு. அதை என் கணவரிடம்கூட நான் சொன்னதில்லை. நான் கூப்பிட்டால் அவள் ஓடி வருவாள், வந்து நிற்பாள், முதலில் என் கையைப் பார்ப்பாள்.

நேற்றுக் காலை பள்ளிக்குக் கிளம்பும்போது சடை பின்னக் கூப்பிட்டேன். வந்தாள். வழக்கம்போலப் பார்த்தாள். இத்தனை வருஷம் பார்த்துக்கொண்டு மட்டுமே இருந்த நான், நேற்று கேட்டேன்.

“என் கையில என்னளா பாக்க?”

அவளுக்கே அது புதிதாக இருந்தது. யோசித்தாள்.

“ஒண்ணுமில்லம்மா. சும்மா” என்றாள்.

நான் இரண்டு கைகளையும் அவள் முன்னால் விரித்துக் காட்டினேன். ஒரு கையில் ரிப்பன் இருந்தது. இன்னொன்று காலி. அவள் ரிப்பனைப் பார்த்தாள். காலியான கையைப் பார்த்தாள். பிறகுதான் நிமிர்ந்து என் முகத்தைப் பார்த்தாள்.